வீட்டுக்கு மாறி ஒரு வருஷம் ஆச்சு: ஒரு வெப் டெவலப்பரோட ரிவ்யூ

மொதல்ல பேர்ல இருந்து ஆரம்பிச்சுடறேன். நாம எழுதற வெப் கோட ப்ரௌசர்ல ஓடற மாதிரி மாத்திக் கட்டிக் குடுக்கற இந்த டூல் பேரு வைட் இல்லீங்க, வீட் (Vite). ஃப்ரெஞ்ச்ல சீக்கிரம்னு அர்த்தம், எப்படி உச்சரிக்கணும்னு அவங்க டாக்குமென்டேஷன்லயே போட்டிருக்காங்க, இருந்தும் எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இன்னும் வைட்டுன்னுதான் சொல்லிட்டு திரியறாங்க. போன வருஷம் ஒரு ராத்திரி எங்க ஜூனியர் பையன் போன் பண்ணி "அண்ணா, முழுசா வீட்டுக்கு மாறியாச்சுங்கண்ணா"ன்னு சொல்ல, ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், பக்கத்துல உக்காந்திருந்த என் சம்சாரம் "எந்த வீட்டுக்கு? அட்வான்ஸ் எவ்ளோ குடுத்தீங்க?"ன்னு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. அட்வான்ஸ் எல்லாம் ஒன்னும் இல்ல, ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி லைசென்ஸ், பைசா செலவில்லன்னு வெளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

நான் புது டூல்னா துள்ளிக் குதிக்கற ஆள் கெடையாது, அத மொதல்லயே சொல்லிடறேன். ஜேக்வெரி காலத்துல வேலைக்கு சேந்தவன். 2012ல கிரன்ட்னு இந்த மாதிரி வேலைக்கு ஒரு டூல் வந்துச்சு, கத்துக்கிட்டேன். அடுத்த வருஷமே கல்ப் வந்து கிரன்ட் எல்லாம் பழசுன்னாங்க, சரின்னு அதையும் கத்துக்கிட்டேன். பவர்னு ஒன்னு இருந்துச்சு, யாருக்காவது ஞாபகம் இருக்கா? அப்பறம் வெப்பேக். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி, இனிமே மாறவே மாறாதுன்னு சொல்லி சொல்லியே நம்ம தலைல கட்டிருவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த கான்ஃபிக் (செட்டிங்ஸ்) ஃபைல தொறந்தா எழுதின நமக்கே புரியாது. அதனால வீட் 2020ல வெளிய வந்தப்ப, வ்யூங்கற ஸ்க்ரீன் கட்டற ஃப்ரேம்ஒர்க்க பண்ண ஈவன் யூ பண்ணிருக்காருன்னு கேள்விப்பட்டு, ஓ சரி அது வ்யூகாரங்களுக்கு ஏதோ பண்ணிருக்காப்லன்னு விட்டுட்டேன். அஞ்சு வருஷம் திரும்பியே பாக்கல. இப்ப யோசிச்சா அது கொஞ்சம் முட்டாள்தனம்தான்.

எங்க நெலம என்னன்னா, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் ட்ராக்கிங் ஆப் ஒன்னு பண்ணிக் குடுத்திருக்கோம். கட்டிங்ல இருந்து ஸ்டிச்சிங் யூனிட்டுக்கு எத்தன பீஸ் போச்சு, செக்கிங்ல எத்தன திரும்பி வந்துச்சு, டிசி (சரக்கோட போற டெலிவரி சலான்) போட்டாச்சா, அந்த மாதிரி. ரியாக்ட் ஆப். ரியாக்ட்ங்கற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரில ஆப் ஆரம்பிக்கறதுக்கான ரெடிமேட் டூல் க்ரியேட் ரியாக்ட் ஆப் வெச்சு 2018ல ஆரம்பிச்சது, நடுவுல யாரோ ஒரு புண்ணியவான் (நான்தான்) எஜெக்ட் பண்ணிட்டேன். எஜெக்ட் பண்ணவங்களுக்கு தெரியும், அது ஒருவழிப் பாதை, திரும்பி உள்ள போக முடியாது, வெப்பேக் கான்ஃபிக் மொத்தமும் நம்ம மடில வந்து விழுந்துரும். அதுல நாலு வருஷமா நாலு பேர் கை வெச்சு, ஒரு கட்டத்துல டெவ் சர்வர் (கோட் எழுதும்போதே ஓட்டிப் பாக்க நம்ம மெஷின்ல ஓடறது) ஸ்டார்ட் ஆக முக்கா நிமிஷத்துக்கு மேல, ஒரு பட்டன் கலர் மாத்தி சேவ் பண்ணா அஞ்சாறு செகண்ட். நியாயமா சொன்னா தப்பு வெப்பேக் மேல இல்ல, நாங்க எழுதின கான்ஃபிக் அந்த லட்சணம். ஆனா அஞ்சு செகண்ட்ங்கறது வெறும் அஞ்சு செகண்ட் இல்ல. அந்த கேப்ல கை தானா போனுக்கு போகும், வாட்ஸப் தொறக்கும், யாரோ ஒரு வீடியோ அனுப்பிருப்பாங்க, திரும்பி ஸ்க்ரீனுக்கு வரும்போது எதுக்கு சேவ் பண்ணோம்னே மறந்திருக்கும்.

2025 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்னிக்கு, ரியாக்ட் டீம் க்ரியேட் ரியாக்ட் ஆப்ப அதிகாரப்பூர்வமா டெப்ரிகேட் பண்ணிட்டாங்க. புது ப்ராஜெக்ட்டுக்கு இத எடுக்காதீங்க, பழசு வெச்சிருக்கறவங்க ஒரு ஃப்ரேம்ஒர்க்குக்கோ வீட் மாதிரி பில்ட் டூலுக்கோ மாறிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. நல்ல நாள் பாத்துதான் கைய விட்டாங்க. சரி, இனிமே சாக்கு சொல்ல முடியாதுன்னு ஒரு வாரம் ஒதுக்கி எறங்கினோம்.

இது ஏன் வேகமா இருக்குன்னு எங்க ஜூனியர் கேட்டான், அவனுக்கு சொன்ன மாதிரியே சொல்றேன். மாசக் கடைசில அண்ணாச்சி கடைல லிஸ்ட் குடுக்கறோம்ல, அரிசி பருப்பு புளி மொளகான்னு அறுவது ஐட்டம். அறுவதையும் எடுத்து, கட்டி, மூட்டையா போட்டு முடிக்கற வரைக்கும் நம்ம கைல ஒன்னும் வராது. வெப்பேக் மாதிரி பழைய பண்ட்லர் அந்த கத, ஆப்ல இருக்கற ஃபைல் மொத்தத்தையும் படிச்சு கட்டி முடிச்சாத்தான் ப்ரௌசருக்கு ஒரு பக்கமாவது போகும். வீட்ல என்னன்னா, கடைய தொறந்து வெச்சுட்டு அண்ணாச்சி சும்மா உக்காந்திருப்பாரு, நீங்க போய் சீரகம் கேட்டா சீரகம், அவ்ளோதான். ப்ரௌசருக்கே இப்ப இம்போர்ட் எக்ஸ்போர்ட் புரியும், 2018க்குள்ள பெரிய ப்ரௌசர் எல்லாத்துலயும் இஎஸ் மாட்யூல் (கோட ஃபைல் ஃபைலா பிரிச்சு ஒன்னு இன்னொன்ன கூப்பிடற முறை) சப்போர்ட் வந்துருச்சு, அதனால ப்ரௌசரே எந்த ஃபைல் வேணுமோ அத கேட்டு வாங்கிக்கும், கேட்ட ஃபைல மட்டும் வீட் மாத்தி அனுப்பும். நீங்க தொறக்காத ரிப்போர்ட் பேஜ் பக்கமே அது போகாது.

அப்ப அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அண்ணா, லைப்ரரி எல்லாம் உள்ள நூத்துக்கணக்குல ஃபைல் வெச்சிருக்குமே, ஒவ்வொன்னா கேட்டா நாறிராதா?" கரெக்ட்டு. லோடாஷ் இஎஸ்ன்னு ஒரு லைப்ரரி, உள்ள 600க்கு மேல குட்டி குட்டி மாட்யூல். அது கடைல போய் தொவரம்பருப்ப ஒவ்வொரு பருப்பா கேக்கற மாதிரி. அதுக்குத்தான் அண்ணாச்சி காலைலயே பருப்ப கால் கிலோ அரைக் கிலோன்னு பொட்டலம் போட்டு அடுக்கி வெச்சுடறாரு. வீட் பாஷைல ப்ரீ பண்ட்லிங். அந்த பொட்டலம் கட்டற பையன் பேருதான் இஎஸ்பில்ட், ஃபிக்மா ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ஈவன் வாலஸ் கோ லாங்வேஜ்ல எழுதினது, கை அப்படி ஒரு வேகம். கட்டின பொட்டலம் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ள டாட் வீட்னு ஒரு எடத்துல இருக்கும். என்னமோ விசித்திரமா எரர் வந்தா மொதல்ல அந்த ஃபோல்டர அழிச்சுட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க, எங்க ஆபீஸ்ல இதுக்கு சாம்பிராணி போடறதுன்னு பேரு.

மொத தடவ ஓட்டினப்ப நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. கமாண்ட் அடிச்சேன், வழக்கம் போல சேர பின்னால தள்ளி டீ டம்ளர எடுத்தேன். வாய்ல வெக்கல, டெர்மினல்ல பச்சையா ரெடின்னு வந்து பக்கத்துல ஏதோ மில்லி செகண்ட் கணக்கு காட்டுது. ஓடலையோ, ஏதோ எரர் போலன்னு நெனச்சு நிறுத்திட்டு திரும்ப ஓட்டினேன். அப்பவும் அதே. கூலி ரேட் பேஜ தொறந்து ஒரு லேபிள மாத்தி சேவ் பண்ணேன், ஸ்க்ரீன்ல மாறிருச்சு, நான் பாதி டைப் பண்ணி வெச்சிருந்த ஃபார்ம் அப்படியே இருக்கு, பேஜ் ரீஃப்ரெஷே ஆகல. சிரிச்சுட்டேன். போர்ட் நம்பர் 5173னு ஒன்னு வரும், இது என்னடா மொட்ட நம்பர்னு தோணும். 5 ரோமன் எண்ல வி, 1 ஐ மாதிரி, 7 டி மாதிரி, 3 திருப்பிப் போட்ட ஈ, சேத்துப் படிச்சா வீட். முன்னாடி 3000தான் இருந்துச்சு, மூனாவது வெர்ஷன்ல மாத்தினாங்க. வேல மெனக்கெட்டு யோசிச்சிருக்காங்க.

சரி புகழ்ந்தது போதும், வலி எங்கெங்கன்னு பாப்போம். சின்னதுல இருந்து வரேன். பழைய செட்டப்ல ஜேஎஸ்னு முடியற ஃபைல்லயே ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்க்ரிப்ட்டுக்குள்ள எச்டிஎம்எல் மாதிரி எழுதறது) எழுதலாம், வீட் அத ஒத்துக்காது, ஜேஎஸ்எக்ஸ்னே முடியணும். எங்க கிட்ட முன்னூத்தி சொச்சம் ஃபைல், ஸ்க்ரிப்ட் போட்டு பேர் மாத்தினோம். இன்டெக்ஸ் எச்டிஎம்எல் பப்ளிக் ஃபோல்டர்ல இருந்து வெளிய ரூட்டுக்கு வரணும், ஏன்னா வீட்டுக்கு அதுதான் வாசப்படி, அங்க இருந்துதான் உள்ள நுழையும். இதெல்லாம் ஒரு மத்தியானத்துல முடிஞ்சுரும்.

உண்மையிலயே அடி வாங்கினது என்வி வேரியபிள்ல, அதாவது சர்வர் அட்ரஸ் மாதிரி கோட்ல எழுதாம வெளிய இருந்து குடுக்கற செட்டிங்ல. பழைய ஆப்ல வேரியபிள் பேரு ரியாக்ட் ஆப்னு ஆரம்பிக்கணும், இதுல வீட்னு ஆரம்பிக்கணும், படிக்கற முறையும் ப்ராசஸ் டாட் என்வி போய் இம்போர்ட் டாட் மெட்டா டாட் என்வி. கோட்ல எல்லா எடத்துலயும் மாத்திட்டேன், என் லேப்டாப்ல இருக்கற என்வி ஃபைல்லயும் மாத்திட்டேன், எல்லாம் சூப்பரா ஓடுது, ஏத்திட்டு தூங்கப் போயிட்டேன். காலைல எட்டே காலுக்கு போன். "தம்பி, டிசி ஒன்னுமே வரலையே, வண்டி லோடு ஏத்தி நிக்குது." ஆப் தொறக்குது, மெனு வருது, லிஸ்ட் மட்டும் காலி. கன்சோல்ல பாத்தா அன்எக்ஸ்பெக்டட் டோக்கன், பக்கத்துல ஒரு லெஸ் தேன் குறி (<), ஜேசன் (டேட்டா வர்ற வடிவம்) பார்ஸ் ஆகலன்னு. நெட்ஒர்க் டேப்ல பாத்தா ரிக்வெஸ்ட் எல்லாம் 200, அதாவது ஓகே, பச்சப்பசேல்னு இருக்கு. பத்து நிமிஷம் அதையே மொறச்சுப் பாத்ததுக்கு அப்பறம்தான் யூஆர்எல்ல ஒழுங்கா படிச்சேன். நம்ம சைட் பேரு, ஸ்லாஷ், அன்டிஃபைன்ட், ஸ்லாஷ், டிசி. அன்டிஃபைன்டாம்! பில்ட் மெஷின் செட்டிங்ஸ்ல பழைய பேர்லயே வேரியபிள் ஒக்காந்திருக்கு, புதுப் பேர்ல ஒன்னும் இல்ல, வீட் அது பாட்டுக்கு காலியா விட்டு பில்ட் பண்ணிருச்சு, சர்வர் தெரியாத அட்ரஸ் எது வந்தாலும் இன்டெக்ஸ் பேஜ தூக்கிக் குடுக்குது, ஆப் அந்த எச்டிஎம்எல்ல ஜேசன்னு நெனச்சு படிக்கப் பாத்து முழிக்குது. தப்பு முழுக்க முழுக்க என்னோடது. வண்டி அர மணி நேரம் நின்னுச்சு, சூப்பர்வைசர் அண்ணன் கார்பன் பேப்பர் வெச்சு கைல டிசி எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. இப்ப பில்ட் ஆரம்பிக்கும்போதே வேரியபிள் இல்லன்னா கத்தி நிக்கற மாதிரி நாலு வரி சேத்திருக்கேன். இன்னொன்னு, வீட்னு ஆரம்பிக்கற வேரியபிள் எல்லாம் அப்படியே ப்ரௌசருக்கு போற கோட்ல ஒட்டிக்கும், பேமென்ட் சீக்ரெட் கீய அதுல வெச்சுட்டு ஒளிச்சு வெச்சுட்டோம்னு நெனச்சுக்காதீங்க சாமி.

டைப்ஸ்க்ரிப்ட் (டைப் சேத்து எழுதற ஜாவாஸ்க்ரிப்ட்) ஆளுங்களுக்கு: வீட் டைப் செக் பண்ணாது. டைப்ப பிச்சு எறிஞ்சுட்டு ஜாவாஸ்க்ரிப்ட்டா மாத்தி அனுப்பும், சரியா தப்பான்னு கேக்காது, வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவங்க டெம்ப்ளேட்ல புது ப்ராஜெக்ட் போட்டீங்கன்னா பில்ட் கமாண்ட்ல டிஎஸ்சி (டைப் செக் பண்ற கமாண்ட்) தானா சேந்தே வரும், எங்கள மாதிரி பழைய ப்ராஜெக்ட்ட கைல மாத்தினா நீங்கதான் சேக்கணும். நம்பர எதிர்பாக்கற எடத்துல ஸ்ட்ரிங்க (வெறும் எழுத்த) குடுத்து பீஸ் கணக்கு 40ம் 5ம் சேந்து 405 ஆன கதையெல்லாம் இருக்கு, அத விடுங்க.

எனக்கு இதுல நெஜமாவே பிடிக்காத ஒன்னு, டெவலப் பண்ணும்போது ஒரு வேலக்காரன், பில்ட் பண்ணும்போது வேற வேலக்காரன். நாங்க வெச்சிருக்கற ஆறாவது வெர்ஷன்ல டெவ்ல இஎஸ்பில்ட், ப்ரொடக்ஷன் பில்ட்ல ரோலப்ங்கற வேற பண்ட்லர். தேதி எடுக்கற ஒரு பழைய லைப்ரரி, காமன்ஜேஎஸ்ங்கற பழைய மாட்யூல் முறைல எழுதினது, என் மெஷின்ல அழகா காலண்டர் காட்டும், பில்ட் பண்ணி ஏத்தினா அந்த பேஜ் மட்டும் செத்துரும். உள்ள இருக்கற டீஃபால்ட் எக்ஸ்போர்ட்ட ரெண்டு பேரும் ரெண்டு விதமா புரிஞ்சுக்கறாங்க. "என் மெஷின்ல ஓடுதே"ங்கற டயலாக்க எங்க தொழில்ல இருந்து ஒழிக்கத்தான் எல்லாரும் பாடுபடறோம், இது அதுக்கு புதுசா ஒரு சாக்கு குடுக்குது. ரெண்டுக்கும் சேத்து ஒரே ஆளா இருக்கட்டும்னு ரஸ்ட் லாங்வேஜ்ல ரோல்டவுன்னு ஒன்ன அந்த டீமே பண்ணிருக்காங்க, போக வேண்டிய வழி அதுதான். அது வரைக்கும் ஏத்தறதுக்கு முன்னாடி ப்ரிவ்யூ கமாண்ட் போட்டு, 4173ல வரும், ஒரு சுத்து க்ளிக் பண்ணிப் பாத்துருங்க. நான் சோம்பேறிப்பட்டு விட்ட ரெண்டு தடவையும் மாட்டினேன்.

கோடவுன்ல ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் இருக்கு, ஓரமெல்லாம் செலோடேப் ஒட்டி, ப்ரௌசர் எந்த காலத்துலயோ கடைசியா அப்டேட் ஆனது. அதுல புது பில்ட் வெறும் வெள்ள ஸ்க்ரீன். வீட் சும்மா விட்டா கொஞ்சம் புது ப்ரௌசருக்குத்தான் கோட் போடும். லெகஸி ப்ளகின் சேத்தா பழைய ப்ரௌசருக்கு தனியா ஒரு செட் ஃபைல் பண்ணிக் குடுக்குது, பில்ட் கொஞ்சம் லேட் ஆகும், பரவால்ல. அந்த டேப்லெட்ட மாத்துங்கண்ணான்னு சொன்னா, "நல்லாத்தானப்பா ஓடுது, ஏன் மாத்தோணும்?"ங்கறாரு சூப்பர்வைசர். நான் அஞ்சு வருஷம் வெப்பேக்கப் பத்தி சொன்ன அதே வசனம். வாய மூடிக்கிட்டேன்.

பெரிய ஆப்ல இன்னொன்னும் கவனிச்சேன். சர்வர் டக்குன்னு எழுந்திரிக்குது சரி, ஆனா மொத தடவ பேஜ தொறக்கும்போது ப்ரௌசர் ஃபைல் ஃபைலா நூத்துக்கணக்குல கேக்கும், அப்ப ஒரு சின்ன முக்கல் இருக்கு. முழு ரீஃப்ரெஷ் அடிச்சாலும் அப்படித்தான். விளம்பரத்துல காட்டற மில்லி செகண்ட் சர்வர் ரெடியாகற நேரம், உங்க ஹோம் பேஜ் வர்ற நேரம் இல்ல.

விளம்பரம்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2022 அக்டோபர்ல டர்போபேக்னு வேற ஒரு பண்ட்லர அறிமுகப்படுத்தினப்ப வெப்பேக்க விட 700 மடங்கு, வீட்ட விட 10 மடங்கு வேகம்னு போட்டாங்க. ஈவன் யூ அவரே ஒக்காந்து அளந்து பாத்து, ரெண்டுலயும் ரியாக்ட் கோட மாத்தற விதமே வேற, அத சமமா வெச்சு அளந்தா அவ்ளோ வித்தியாசம் வரலன்னு எழுதினாரு. கொஞ்ச நாள் செம சண்ட. நான் இதுல யார் பக்கமும் இல்ல. இந்த மடங்கு கணக்கெல்லாம் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி போர்டு மாதிரிதான், 50 சதவீதம் பெருசா இருக்கும், வரைன்னு குட்டியா இருக்கும். நான் பாத்த கணக்கு வேற. மாறினதுக்கு அப்பறம் எங்க பேக்கேஜ் ஃபைல்ல இருந்து எத்தன வரி காணாம போச்சுன்னு எண்ணினேன். லோடர், ப்ளகின், பேபல் ப்ரீசெட், அதுக்கு ஒரு ப்ரீசெட்னு முப்பத்தி ரெண்டு வரி காலி. எரநூத்தி நாப்பது வரி வெப்பேக் கான்ஃபிக் போய் இருவத்தி ரெண்டு வரி. ஜூனியர் அத ஒரு மூச்சுல படிச்சு, ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு சொல்லிட்டான். பொள்ளாச்சி பக்கம் அவன் ஊர்ல இருந்து, மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு, 8 ஜிபி ராம் லேப்டாப்ல வேல பாக்கறான், முன்னாடி டெவ் சர்வரும் க்ரோமும் சேந்து ஓடினா ஃபேன் சத்தம் மீட்டிங்லயே கேக்கும். இப்ப அவன் மைக்க ம்யூட் பண்றதில்ல. புதுசா ஒன்னு வந்து நம்ம தலைல இருந்து ஏதாவது எறக்கி வெச்சா எனக்கு அது போதும், கிரன்ட்டுக்கு அப்பறம் கல்ப், கல்ப்புக்கு அப்பறம் இன்னொன்னுன்னு வந்ததெல்லாம் ஏத்தி விட்டதுதான் அதிகம்.

காமெடி ஒன்னு. எடிட்டர்ல இருக்கற ஏஐ உதவியாளர் கிட்ட புது ரியாக்ட் ப்ராஜெக்ட் ஆரம்பின்னு ஒரு பையன் கேட்டிருக்கான், அது நிதானமா க்ரியேட் ரியாக்ட் ஆப் கமாண்ட எழுதிக் குடுத்திருக்கு. செத்துப் போன டூலுக்கு பத்திரிக அடிச்சுக் குடுக்கற மாதிரி. புதுசுலயே புதுசு அதுதான், அதுக்கு தெரிஞ்ச ஊரு மட்டும் பழைய ஊரு.

ஒரே ஒரு உறுத்தல் இருக்கு. 2024ல ஈவன் யூ வாய்ட்ஸீரோன்னு கம்பெனி ஆரம்பிச்சு 46 லட்சம் டாலர் முதலீடு வாங்கியிருக்காரு, வீட், ரோல்டவுன் எல்லாம் தொடர்ந்து ஓப்பன் சோர்ஸ்தான்னு சொல்றாங்க, சரி. ஆனா காசு போட்டவங்க ஒரு நாள் கேப்பாங்கள்ல. அப்ப என்ன ஆகும்னு எனக்கு ஒரு கண்ணு அந்தப் பக்கம் இருந்துட்டேதான் இருக்கு.

யாரு எடுத்துக்கலாம்னா, ரியாக்ட், வ்யூ, ஸ்வெல்ட் எதுல புதுசா ஆரம்பிச்சாலும் யோசிக்கவே வேண்டாம், இதுலயே ஆரம்பிங்க. பழைய ஆப் நல்லா ஓடிட்டு இருக்கு, மாசத்துக்கு ஒரு தடவதான் தொடுவீங்கன்னா, சும்மா இருக்கறத சொறிஞ்சு விடாதீங்க. எங்க கிட்டயே இன்னொரு ப்ராஜெக்ட் வெப்பேக்ல இருக்கு, மாட்யூல் ஃபெடரேஷன்னு நாலு டீம் ஆப்ப ஒட்டி ஓட்டறது, அத நான் தொடவே மாட்டேன். அஞ்சுக்கு நாலரை மார்க். அந்த அரை மார்க்க டெவ் வேற பில்ட் வேறங்கறதுக்கு புடிச்சுக்கிட்டேன்.

ஏழாவது வெர்ஷன் வந்து ரொம்ப நாளாச்சு, நாங்க இன்னும் ஆறுலதான் இருக்கோம். அதுக்கு நோட் (இந்த டூல் ஓடறதுக்கு அடியில இருக்கற ஜாவாஸ்க்ரிப்ட் ரன்டைம்) 20.19 இல்லன்னா 22.12க்கு மேல வேணும், எங்க பில்ட் மெஷின்ல நோட் 18. ஜூனியர் இன்னிக்கே ஏத்திடலாங்கண்ணான்னு துடிக்கறான். இன்னிக்கு வெள்ளிக்கெழம, சாயங்காலம் அஞ்சு மணி, நாளைக்கு காலைல திருப்பூர்ல லோடு இருக்கு. திங்கக்கெழம பாத்துக்கலாம் தம்பி, கெளம்பு.